பிறர் காலடியில் நாம் வைக்கும் கல்

பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும்போது நாம் வழக்கமாக எமது சொந்தப் பாவங்களையே எண்ணிப் பார்க்கிறோம். பொய் சொன்னேனா, களவெடுத்தேனா, பகைமை பாராட்டினேனா என்று கட்டளைகளை வரிசையாக எடுத்து மனச்சாட்சியைச் சோதிக்கிறோம். ஆனால் இன்னொரு கேள்வியை எம்மில் பலர் கேட்பதில்லை. என்னால் வேறு யாராவது பொய் சொன்னார்களா? நான் வற்புறுத்தியதால் யாராவது களவுக்குத் துணை போனார்களா? நான் வைத்த கல்லில் யாருடைய கால் இடறியது?

இக்கேள்வி எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் உரியது. எனினும் இடம்பெயர்ந்து வாழ்ந்த, இன்னும் வாழ்கின்ற விவசாயக் குடும்பங்களாகிய எமக்கு அது கூடுதலாகப் பொருந்துகிறது. ஊரில் இருந்தபோது எம்மைச் சுற்றிப் பல வேலிகள் இருந்தன. உறவினர், ஊர்ப் பெரியவர்கள், கோயில், கமக்காரர் அமைப்பு, பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றும் ஒருவரைத் தவறான வழியில் போகவிடாமல் தடுத்து வைத்தன. 1990லும் 1995லும் 2008, 2009 ஆண்டுகளிலும் ஊர் ஊராக மக்கள் பெயர்ந்தபோது, வளவு வேலிகளோடு இந்த வேலிகளும் சாய்ந்தன. பசியும் கடனும் நிச்சயமின்மையும் உள்ள இடத்தில் ஒருவர் விழுவதற்குப் பெரிய தள்ளுதல் தேவையில்லை. சிறு கல் ஒன்றே போதும். அதனால் கல் வைப்பவரின் பொறுப்பும் பெரிதாகிறது.

பொறியும் திரிகைக் கல்லும்

பிறரைப் பாவத்தில் விழச் செய்வதை எமது பெரியவர்கள் ‘துர்மாதிரிகை’ என்பார்கள். இப்போது ‘இடறல்’ என்ற சொல்லே அதிகம் வழங்குகிறது. நற்செய்தி எழுதப்பட்ட கிரேக்க மொழியில் அதற்குரிய சொல் ‘ஸ்கண்டலொன்’. பொறியில் இரையைக் குத்தி வைக்கும் குச்சிக்கே முதலில் அந்தப் பெயர் இருந்தது. எலிப்பொறியில் தேங்காய்ச்சொட்டைக் குத்தி வைக்கும் கம்பியை நினைத்துப் பாருங்கள். எலி தன் பசியால் வருகிறது, தன் பல்லால் கடிக்கிறது. ஆனாலும் அந்தப் பொறியைக் கொண்டுவந்து அது நடமாடும் வழியில் வைத்தவர் ஒருவர் இருக்கிறார். ஆண்டவர் பேசுவது அவரைப் பற்றியே.

மத்தேயு நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சிறியோர் ஒருவரை விழச்செய்பவரைப் பற்றிச் சொல்வது கடுமையானது. அவருடைய கழுத்தில் திரிகைக் கல்லைக் கட்டி ஆழ்கடலில் அமிழ்த்திவிடுவது அவருக்கு நல்லது என்கிறார். அங்கே குறிப்பிடப்படுவது எமது வீடுகளில் உழுந்தும் பயறும் உடைக்கும் கைத்திரிகை அல்ல. கழுதையைப் பூட்டிச் சுற்றும் பெரிய திரிகையின் கல் அது. எமது செக்கைப் போன்ற பாரம் உடையது. பாவிகளோடு ஒரே பந்தியில் இருந்து உணவு உண்டவர், விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைத் தண்டியாமல் அனுப்பியவர், இந்த ஒரு விடயத்தில் இவ்வளவு கடுமையாகப் பேசியது ஏன்? விழுந்தவர் எழும்ப முடியும். ஆனால் விழச்செய்தவர் தம்மைக் குற்றவாளி என்று நினைப்பதே அரிது. தாம் எதுவும் செய்யவில்லை என்று சொல்லி அவர் அமைதியாக இருந்துவிடுவார். அந்த அமைதியைக் கலைக்கவே ஆண்டவர் அப்படிப் பேசினார் என்று நாம் விளங்கிக் கொள்கிறோம்.

மூடாத குழி

விடுதலைப்பயண நூல் 21ஆம் அதிகாரத்தில் கமக்காரருக்கு நன்றாக விளங்கும் ஒரு சட்டம் உண்டு. ஒருவர் குழியொன்றைத் தோண்டி மூடாமல் விட்டு, அதில் அயலவரின் மாடோ கழுதையோ விழுந்து செத்தால், குழிக்குச் சொந்தக்காரர் அந்த விலங்கின் பெறுமதியைக் கொடுக்க வேண்டும். ‘மாடு ஏன் அந்தப் பக்கம் வந்தது?’ என்று அவர் கேட்க முடியாது. இணைச்சட்ட நூல் 22ஆம் அதிகாரமும் இதுபோன்ற ஒன்றைச் சொல்கிறது. புது வீடு கட்டுபவர் தட்டையான கூரையைச் சுற்றிக் கைபிடிச்சுவர் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டு ஒருவர் விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின் மேல் வரும்.

மீள்குடியேறிய கிராமங்களில் கட்டில்லாத கிணறுகள் பற்றைக்குள் மறைந்து கிடந்ததை நாம் கண்டிருக்கிறோம். காணியைத் துப்புரவாக்கும்போது முதல் வேலையாக அதைச் சுற்றித் தடியாவது நட்டு அடையாளம் வைப்போம். பிள்ளைகள் விழுந்துவிடக்கூடாது என்பதே காரணம். கிணறு வெட்டுவது பாவமல்ல, கட்டாமல் விடுவதே குற்றம். அயலவரின் உயிருக்குக் காட்டும் இந்தக் கவனத்தை அவருடைய ஆன்மாவுக்கும் காட்ட வேண்டும் என்பதே இடறல் பற்றிய போதனையின் சாரம்.

லேவியர் நூல் 19ஆம் அதிகாரம் பார்வையற்றவர் முன் தடைக்கல் வைப்பதைத் தடை செய்கிறது. யூத மறைநூல் அறிஞர்கள் இதற்கு ஆழமான விளக்கம் கொடுத்தார்கள். மது அருந்துவதில்லை என்று நேர்ச்சை செய்த ஒருவருக்குத் திராட்சை இரசக் கிண்ணத்தை நீட்டுபவரும் இந்தக் கட்டளையை மீறுகிறார் என்றார்கள். ஆசையால் ஒருவருக்குக் கண் மறைக்கும் வேளையில், அவர் முன் கல்லை வைப்பது பார்வையற்றவர் முன் வைப்பதற்குச் சமம்.

கொரிந்து நகர இறைச்சியும் எமது போத்தலும்

புனித பவுல் காலத்தில் கொரிந்து நகரச் சந்தையில், கோயில்களில் சிலைகளுக்குப் படைக்கப்பட்ட இறைச்சியும் விற்பனைக்கு வந்தது. சில கிறிஸ்தவர்கள் அதை வாங்கி உண்டார்கள். சிலை என்பது ஒன்றுமில்லை, ஆகவே இறைச்சியில் குற்றமில்லை என்பது அவர்களின் வாதம். பவுல் அந்த வாதத்தை மறுக்கவில்லை. அது சரிதான் என்றே ஏற்றுக்கொண்டார். ஆனால் அண்மையில் மனந்திரும்பிய ஒருவர், மனத் தெளிவில்லாதவர், உங்களைப் பார்த்துத் தன் மனச்சாட்சிக்கு விரோதமாக உண்டால் அவர் அழிந்து போவாரே என்று கேட்டார். தாம் உண்பது ஒரு சகோதரரை விழச்செய்யும் என்றால் தாம் ஒருபோதும் இறைச்சி உண்ணப் போவதில்லை என்று எழுதினார். உரோமையருக்கு எழுதிய திருமுகம் 14ஆம் அதிகாரத்தில் இறைச்சியோடு மதுவையும் சேர்த்தே சொல்கிறார்.

எமது கிராமங்களில் இதற்கு ஒப்பான விடயம் போத்தல்தான். இன்று அரிவு வெட்டைப் பெரும்பாலும் இயந்திரம் செய்கிறது. ஆனால் கிணறு கலக்கி இறைக்கும் நாள், வேலியடைப்பு, கூரை வேலை, கொங்கிறீற் போடும் நாள் என்றால் பின்னேரம் ஒரு போத்தல் வரும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். வேலைக்காரர் கேட்டால்தான் கொடுப்பது என்று சில வீட்டுக்காரர் சொல்வார்கள். கேளாமலே வாங்கி வைப்பவர்களும் உண்டு. சிலர் கூலியில் ஒரு பகுதியைக் காசாகவும் மறு பகுதியைச் சாராயமாகவும் தீர்க்கிறார்கள்.

அந்த வேலையாட்களில் ஒருவர் குடியை விட்டு ஆறு மாதம் ஆகியிருக்கலாம். முகாமில் இருந்த காலத்தில் குடிக்கப் பழகி, பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து விட்டவராக இருக்கலாம். எல்லோர் கையிலும் கிளாஸ் இருக்கும்போது “அண்ணை, இண்டைக்கு ஒரு நாளைக்குத்தானே, கொஞ்சம் எடுங்கோ” என்று ஒருவர் சொன்னால் போதும். சொன்னவர் இரவு நன்றாக நித்திரை கொள்வார். மற்றவருடைய வீட்டில் அன்றிரவு நடப்பது அவருக்குத் தெரியாது. ‘எனக்கு அளவு தெரியும், நான் யாருக்கும் கரைச்சல் கொடுப்பதில்லை’ என்று சொல்பவரின் கூற்று உண்மையாகவே இருக்கலாம். கொரிந்து மக்களின் வாதமும் உண்மையாகவே இருந்தது. தமக்கு அளவு தெரிவதை வைத்து மற்றவரின் பலவீனத்தை அளக்க முடியாது என்பதே பவுலின் பதில்.

கசிப்பு விடயத்தில் இன்னும் ஆழமாகப் பார்க்க வேண்டும். கசிப்பு விற்பது யார் என்று கேட்டால் சில இடங்களில் கணவனை இழந்த ஒரு பெண்ணின் வீட்டைக் காட்டுவார்கள். ஊர் அவரைத் திட்டுகிறது. ஆனால் அவரிடம் வாங்குபவர்கள் யார்? அவர் கூலி வேலை கேட்டு வந்தபோது, ஆண்களுக்குக் கொடுப்பதில் பாதியைக் கொடுக்க முன்வந்தவர்கள் யார்? அவர் செய்வது தவறுதான். அந்தத் தவறுக்குப் போகும் வழியில் கல் பதித்தவர்கள் வெள்ளை வேட்டியோடு முன்வரிசையில் இருக்கலாம்.

நாபோத்தின் காணி

காணியைப் பற்றி விவிலியத்தில் வரும் மிகத் துயரமான கதை அரசர் முதல் நூல் 21ஆம் அதிகாரத்தில் உள்ளது. நாபோத் என்பவரின் திராட்சைத் தோட்டம் ஆகாபு அரசனின் மாளிகைக்கு அருகில் இருந்தது. அரசன் அதைக் கேட்டான். தன் முன்னோரின் உரிமைச் சொத்தைத் தரமுடியாது என்று நாபோத் மறுத்தார். அரசன் கட்டிலில் படுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு உணவு உண்ணாமல் இருந்தான். மனைவி ஈசபேல் அவனுடைய பெயரில் கடிதம் எழுதி, அவனுடைய முத்திரையைப் பதித்து, ஊர்ப் பெரியவர்களுக்கு அனுப்பினாள். பெரியவர்கள் பொய்ச்சாட்சிகள் இருவரை ஆயத்தம் செய்தார்கள். நாபோத் கல்லெறிந்து கொல்லப்பட்டார்.

இக்கதையில் எத்தனை பேர் பாவத்தில் விழுந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கடிதம் எழுதியவள், அதற்குக் கீழ்ப்படிந்த பெரியவர்கள், பொய்ச்சாட்சி சொன்ன இருவர், கல் எடுத்த ஊரார் எல்லோரும் விழுந்தார்கள். அரசன் தன் கையால் எதுவும் செய்யவில்லை. ஆனாலும் இறைவாக்கினர் எலியா நேராக அரசனிடமே போய், கொலையும் செய்து காணியையும் எடுத்துக்கொண்டாயா என்று கேட்டார். பலன் யாருக்குப் போகிறதோ அவர் ‘நான் செய்யவில்லை’ என்று சொல்லித் தப்ப முடியாது.

காணி பற்றிய பொய்ச்சாட்சி எமக்கு அந்நியமானதல்ல. இலங்கைச் சட்டத்தில் ஒருவர் இன்னொருவரின் காணியை உரிமையாளருக்கு எதிராக 10 ஆண்டுகள் இடையூறின்றி ஆண்டால் அதற்கு உரிமை கோர வழியுண்டு. யுத்தத்தால் ஊரைவிட்டுப் போனவர்கள் தமது காணிக்கு வந்து உரிமை பேச முடியாத நிலையில் இருந்தார்கள். இந்த அநீதியைக் கருத்தில் கொண்டு 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் அவ்வாறு பாதிக்கப்பட்டவர்களுக்கு விசேட ஏற்பாடு செய்தது. எனினும் அதன்கீழ் வழக்குத் தொடரக் கொடுக்கப்பட்ட காலம் வரையறுக்கப்பட்டதாகவே இருந்தது. ஆகவே பல காணிப் பிணக்குகளில் அயலவரின் வாய்ச்சொல்லே பெரிய சாட்சியாகிறது. யார் எப்போது வந்தார், எல்லை வேலி எங்கே இருந்தது, அந்தத் தென்னைகளை நட்டவர் யார் என்பதை அயலவர்தான் சொல்ல வேண்டும்.

அங்கேதான் கல் வைக்கப்படுகிறது. “ஒரு கையெழுத்துத்தானே அண்ணை, வைச்சுவிடுங்கோ. அவையள் இனி வெளிநாட்டிலயிருந்து வரப்போகினமே?” என்று கேட்பவர் தாம் ஒரு காணித்துண்டைத்தான் கேட்பதாக நினைக்கிறார். உண்மையில் அவர் அந்த அயலவரின் மனச்சாட்சியையே கேட்கிறார். பின்னர் அயலவர் மறுக்கவும் முடியாது. கடன்பட்டவராக, வேலை வாங்குபவராக, தண்ணீருக்கு அந்தக் கிணற்றையே நம்பியவராக இருப்பார். அப்படிப்பட்டவரிடம் பொய்ச்சாட்சி கேட்பது இரண்டு மடங்கு பாவம்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இடம்பெயர்ந்த நாமும் பிறருடைய காணிகளில் இருந்திருக்கிறோம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் வளவுகளும் வீடுகளும் வெறுமையாகக் கிடந்தன. மற்ற ஊரவர் விட்டுப்போனவையும் அப்படியே. ஒதுங்க இடமின்றி அங்கே தங்கியது குற்றமல்ல. சொந்தக்காரர் திரும்பி வரும்போது ‘இது ஆரம்பம் முதல் எங்களுடையது’ என்று சொல்லுமாறு பிள்ளைகளையும் அயலவரையும் பழக்குவதே குற்றம். எமது காணி எமக்குத் திரும்ப வேண்டும் என்று செபிக்கும் நாம், அந்தச் செபத்தை மற்றவர் வேலியில் நின்று செபிக்க முடியாது.

பட்டியல் எழுதும் கையும் படிவம் நிரப்பும் கையும்

1992இல் வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2284 முதல் 2287 வரையான பகுதிகளில் இடறலைப் பற்றி விளக்குகிறது. இடறலுக்குக் காரணமானவரின் அதிகாரமும் விழுபவரின் பலவீனமும் எவ்வளவு கூடுதலோ, பாவமும் அவ்வளவு பாரதூரமானது என்பது அதன் போதனை. தனி மனிதர் மட்டுமன்றிச் சட்டங்களும் நிறுவனங்களும்கூட இடறலாகலாம் என்றும், ஏமாற்றினால்தான் பிழைக்கலாம் என்ற நிலையை உருவாக்கும் தொழில் விதிகளை வகுப்போரும் இக்குற்றத்துக்கு உள்ளாகிறார்கள் என்றும் அது கூறுகிறது.

இதன் பொருள் என்ன என்பதை நிவாரணப் பட்டியல்களில் கண்டோம். உண்மை சொல்பவருக்கு ஒன்றும் கிடையாது, கூட்டிச் சொல்பவருக்கே கிடைக்கும் என்று ஒரு பட்டியல் தயாரிக்கப்படுமானால், அது முழு ஊருக்கும் பொய் சொல்லக் கற்பிக்கும் பள்ளிக்கூடம். ஒரே வீட்டில் இருப்பவர்கள் தாளில் இரண்டு குடும்பமாகிறார்கள். உழைக்கும் மகன் தாளில் காணாமல் போகிறார். முதலில் பொய் சொன்னவர் தேவையால் சொன்னார். அடுத்தவர், நேர்மையாக இருந்தால் ஏமாளியாவேன் என்ற பயத்தில் சொன்னார். பட்டியல் எழுதும் கிராமமட்ட அலுவலர்களும் சங்க நிர்வாகிகளும் கோயில் குழுக்களும், எமது சமூகத் தொண்டு நிறுவனங்களில் பணிபுரிவோரும் இதைச் சிந்திக்க வேண்டும். தெரிவு செய்யும் விதிகளை முன்கூட்டியே அறிவியாமல், பெயர்களைப் பகிரங்கமாக ஒட்டாமல், ‘எங்களைத் தனியாக வந்து சந்தியுங்கோ’ என்று சொன்னாலே கல் வைத்தாயிற்று.

நுண்கடனும் இப்படித்தான். 2009க்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் கடன் கொடுப்போர் வீடு வீடாக வந்தார்கள். பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நின்றார்கள். கோழி வளர்ப்புக்கு என்று படிவத்தில் எழுதி, பழைய கடனைக் கட்டினார்கள். அப்படி எழுதலாம் என்று சொல்லிக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். தவணை தவறினால் குழுவிலுள்ள மற்றப் பெண்களே அவருடைய வாசலில் போய் நின்று ஏச வேண்டியதாயிற்று. நேற்றுவரை அடுப்புக்கு நெருப்பு வாங்கிக் கொடுத்த அயலவர்கள் பகைவர்களானார்கள். நுண்நிதி நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 2016இல் 6ஆம் இலக்கச் சட்டம் வந்தது. வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற சிறு கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அரசாங்கம் 2018இல் அறிவித்தது. கடன் தள்ளுபடியாகலாம். ஆனால் அயலவரை அவமதிக்கப் பழகிய பழக்கத்தை எந்த அரசாங்கமும் தள்ளுபடி செய்ய முடியாது. அதை நாமே சரிசெய்ய வேண்டும்.

சிறியோர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்

கடன்காரர் படலையடியில் நிற்கிறார். “அப்பா வீட்டில இல்லையெண்டு சொல்லு பிள்ளை” என்று உள்ளிருந்து குரல் வருகிறது. பிள்ளை போய்ச் சொல்கிறது. மறுநாள் அதே பிள்ளை பள்ளிக்கூடத்தில் பொய் சொன்னதற்காக அதே தகப்பன் அடிக்கிறார். பிள்ளைக்கு எது பாவம் என்று விளங்காது. அடிக்கும் பெரியவருக்கு முன்னால் சொல்லக்கூடாத பொய் ஒன்றும், அவருக்காகச் சொல்ல வேண்டிய பொய் ஒன்றும் உண்டு என்பதுதான் விளங்கும்.

இன்னொரு வழக்கம், பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பிச் சிகரட் வாங்குவிப்பது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலைப் பொருட்களையும் மதுவையும் விற்பதைத் தடை செய்துள்ளது. ஆகவே 12 வயது மகனை அனுப்பும் தகப்பன் ஒரே நேரத்தில் இருவர் முன் கல் வைக்கிறார். ஒருவர் மகன், மற்றவர் கடைக்காரர்.

மக்கபேயர் இரண்டாம் நூல் 6ஆம் அதிகாரத்தில் எலயாசர் என்ற முதியவரின் வரலாறு உண்டு. அவருக்கு 90 வயது. தமது சட்டம் தடைசெய்த பன்றி இறைச்சியை உண்ணாவிட்டால் மரணம் என்ற நிலை. பழைய பழக்கத்தால் அவர்மேல் இரக்கங்கொண்ட அதிகாரிகள் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, அவருக்கு உகந்த இறைச்சியையே கொண்டுவந்து, அரசன் கட்டளையிட்டதை உண்பதுபோலப் பாவனை செய்தால் போதும் என்றார்கள். அவர் மறுத்தார். இந்த வயதில் எலயாசர் மாறிவிட்டார் என்று இளைஞர்கள் நினைத்து வழிதவறிப் போவார்கள் என்பதே அவர் கூறிய காரணம். அவர் வாயில் பாவம் எதுவும் போயிராது. ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்காக உயிரைக் கொடுத்தார். எமது பிள்ளைகளுக்கு முன் ஒரு பொய்யை விழுங்குவதற்கு அவ்வளவு விலை கேட்கப்படுவதில்லை.

எது இடறல் ஆகாது?

இந்தப் போதனையைத் தவறாகப் பயன்படுத்துவோரும் உண்டு. கணவனை இழந்த இளம்பெண் வேலைக்குப் போகிறார், சைக்கிளில் போகிறார், பிந்தி வருகிறார் என்று ஊர் பேசும். ‘ஊருக்குத் துர்மாதிரிகை’ என்றும் சிலர் சொல்வார்கள். அது இடறல் அல்ல. பிள்ளைகளுக்குச் சோறு கொடுப்பதில் யாரும் இடறி விழுவதில்லை. ஓய்வுநாளில் நோயாளிகளைச் சுகப்படுத்தியபோது பரிசேயரும் இயேசுவின்மேல் குற்றம் கண்டார்கள். அவர் அதற்காகச் சுகப்படுத்துவதை நிறுத்தவில்லை. புனித தோமா அக்குவினாவும் இந்த வேறுபாட்டைக் காட்டியிருக்கிறார். அறியாமையாலும் பலவீனத்தாலும் இடறுபவருக்காக நாம் விட்டுக்கொடுக்க வேண்டும். தீய மனத்தால் குற்றம் தேடுபவருக்காக நன்மை செய்வதை விட வேண்டியதில்லை.

இயேசுவின் வாழ்விலேயே இதற்கு அளவுகோல் உண்டு. கோவில் வரி கொடுக்கத் தாம் கடமைப்படவில்லை என்று சொல்லியும், பிறருக்கு இடறலாகாதபடி அதைக் கொடுக்கச் செய்தார். அது அவருடைய சொந்த உரிமை, விட்டுக்கொடுத்தார். நோயாளியின் சுகம் மற்றவருடைய உயிர், அதை விட்டுக்கொடுக்கவில்லை. எமது வசதியை நாம் விட்டுக்கொடுக்கலாம். பிறரின் நீதியை விட்டுக்கொடுக்க எமக்கு உரிமையில்லை.

இன்னொரு தவறும் உண்டு. நிதியை எடுத்தவர், பிள்ளைகளைத் துன்புறுத்தியவர் போன்றோரின் குற்றத்தை ‘வெளியே தெரிந்தால் இடறலாகும்’ என்று மூடி மறைப்பது அது. மறைத்த குழியே அதிகம் பேரை விழுங்கும். சிறியோரைக் காப்பதற்காகச் சொல்லப்பட்ட போதனையைச் சிறியோருக்கு எதிராகத் திருப்புவது பெரும் குற்றம். திருச்சபைக்குள்ளும் இது நடந்திருக்கிறது என்பதை இன்று உலகம் அறியும்.

கல்லை அகற்றுதல்

கல்லை வைத்தவரே அதை அகற்ற வேண்டும். பிறரைப் பொய்ச்சாட்சிக்கு இழுத்தவர் கோயிலில் மட்டும் மன்னிப்புக் கேட்டுப் போதாது. அந்தக் கையெழுத்தைத் திரும்பப் பெறுவதற்கு அவரே முன்னின்று வழி தேட வேண்டும். பொய் சொல்ல அனுப்பிய பிள்ளையைக் கூப்பிட்டு, ‘நான் உன்னைச் சொல்லச் சொன்னது பிழை’ என்று சொல்ல வேண்டும். தகப்பனின் மரியாதை அதனால் குறையாது. உண்மைக்கு முன் பெரியவரும் சிறியவர்தான் என்பதைப் பிள்ளை கற்றுக்கொள்ளும்.

ஊராகச் சேர்ந்து செய்யக்கூடியவையும் உண்டு:

- வேலை முடிந்த அன்றே கூலியை முழுவதும் காசாகக் கொடுத்தல். போத்தலுக்குப் பதிலாக நல்ல சாப்பாடு. முடிந்தால் வீட்டுக்கும் ஒரு பார்சல்.
- பெண்களுக்கும் சம வேலைக்குச் சம கூலி.
- பயனாளிகள் பட்டியலையும் தெரிவு விதிகளையும் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுதல்.
- காணி எல்லைகளைப் பற்றி முதியவர்களுக்குத் தெரிந்ததை, பிணக்கு வருமுன், இருபக்கத்தாரும் இருக்கும்போது எழுதி வைத்தல்.
- அவசரத் தேவைக்கு வெளிக்கடனை நாடாமல் இருக்க, சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தில் அல்லது மாதர் குழுவில் சிறுகச் சேமித்தல்.
- குடியை விட்டவர் இருக்கும் வைபவத்தில் குடி இல்லாமலே வைபவத்தை நடத்துதல்.

இவற்றில் எதுவும் பெரிய செலவு பிடிப்பதல்ல. சில வழக்கங்களை விடுவதற்கு ஊரின் முதல் வீடு ஒன்று துணிய வேண்டும். இரண்டாவது வீட்டுக்கு அது இலகுவாகும். துர்மாதிரிகை ஒருவரிலிருந்து ஒருவருக்குத் தொற்றுவதுபோல நன்மாதிரிகையும் தொற்றும்.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது ஊரில் நேர்மையாக இருப்பவரை நட்டப்படச் செய்யும் வழக்கமோ விதியோ எது? அதை மாற்ற யாரிடம் பேச வேண்டும்?
2. எமது வீட்டில் பிள்ளைகளை எந்தெந்த வேளைகளில் பொய்க்குப் பயன்படுத்துகிறோம்?
3. எமது அயலில் குடியை விட முயல்பவர் ஒருவருக்கு, அவர் கேளாமலே நாம் செய்யக்கூடிய உதவி என்ன?
4. திரும்பி வராதவர்களின் காணிகளுக்காக, அவர்கள் இல்லாத இடத்தில், உண்மை பேச நாம் ஆயத்தமா?